பூட்டிக்கொண்ட நகல்

ரேஷன் கார்டின் ஜெராக்ஸில் பேனாவால் பெயரைத் திருத்தினால் அசல் கார்டில் பெயர் மாறாது. இது தெரிய கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை ஐயா. நான் படித்தும் கோட்டை விட்டேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி, தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறது. எந்த மெஷினானாலும் ‘ஓடு’, ‘நில்’, ‘பூட்டு’ என்ற கட்டளைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர் இன்டர்ஃபேஸ். பாடியில் ஒரு தொழிற்சாலைக்கு எழுதியபோது மெஷினின் நிலையை, அதாவது ஓடுகிறதா பூட்டியிருக்கிறதா என்ற குறிப்பை, வெறும் மதிப்பாக வைத்துவிட்டேன். அப்படிப்பட்டதை இன்டர்ஃபேஸ் வழியாகத் தொட்டால் கைக்கு வருவது நகல்தான். ‘பூட்டு’ என்றதும் நகல் பூட்டிக்கொண்டது. திரை அதைப் பார்த்துப் பச்சை எழுத்தில் ‘லாக்’ என்று காட்டியது. மெஷின் அசலைப் பார்த்து, ஓடத் தயாராக நின்றது.

மெஷினில் அதைப் போட்ட மூன்றாம் நாளே இந்தத் தப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் அன்று காலைதான் எங்கள் மேனேஜர் வீரராகவன் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டி, “ஜெர்வின் எழுதுனா ரெண்டாவது தபா பாக்கவே வேணாம்பா” என்றிருந்தார். மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்பார்கள். ஒரு வாரத்தில் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகிவிட்டது. சத்தமில்லாமல் திருத்தவும் வழியில்லை. மெஷினை நிறுத்த வேண்டும், நிறுத்தக் காரணம் எழுதித் தர வேண்டும்.

தசரதனை ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிச்சம். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்து அந்தத் தொழிற்சாலையில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அன்று நான் பாடிக்குப் போயிருந்தபோது பிரஸ்ஸில் ஒரு தகடு சிக்கிக்கொண்டது. மெயின் சுவிட்சை அணைக்கப் போனவர், என்னைப் பார்த்ததும் நின்றார்.

“சார், லாக்குனு காட்டிகினு கீது. மெயின ஆஃப் பண்ணவா, அப்டியே கைய வுட்டு எடுத்துரவா?”

வீரராகவன் பக்கத்தில் நின்றிருந்தார். அணைக்கச் சொன்னால் ஏன் என்று கேட்பார்.

“லாக் ஆயிடுச்சுண்ணே. பயப்படாம எடுங்க” என்றேன்.

பிரஸ் இறங்கியது.

அன்று மாலையே அந்த வரியைத் திருத்திவிட்டேன். நாலு நிமிட வேலை. மெஷின் ஏற்கெனவே நின்றிருந்ததால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த மெஷினில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.