மூன்று சுற்று முடிச்சு

"படு! தாவூது, படு!"

சின்னத்தம்பி அண்ணன் கத்துகிறார். படுக்கிறேன். பலகை அதிர்கிறது. முதல் சத்தம் வெடி போல இல்லை. அடியில் யாரோ அரிசி மூட்டையைப் போட்டது போல, தம் என்று. காதுக்கு முன்னால் காலுக்குத்தான் தெரிந்தது. பிறகு ருஷ்யப் போர்க்கப்பல் பக்கம் வெளிச்சம். பிறகு பீரங்கி. ஒன்று. இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

1914 அக்டோபர் 28. புதன்கிழமை. பினாங்குத் துறைமுகம். மணிக்கூண்டில் ஐந்து அடித்துக் கொஞ்ச நேரம். இன்னும் வெளுக்கவில்லை. எங்கள் தொங்கான், சரக்கு ஏற்றும் அகலப் படகு, ருஷ்யக் கப்பலுக்குக் கூப்பிடு தூரத்தில் மிதவையோடு கட்டிக் கிடக்கிறது. படகில் மூன்று பேர். என் அண்ணன் காதர். நாங்கள் நாகூர்க்காரர்கள், அண்ணனை நானா என்போம். அக்கரையில் பாகான் டாலாம் ஊர்க்காரர் சின்னத்தம்பி அண்ணன். மூன்றாவது நான். வயது இருபது.

சுட்டது ஜெர்மன் கப்பல். ஆங்கிலேயக் கப்பல் போலத் தெரிய நாலாவதாகப் பொய்ப் புகைபோக்கி ஒன்று வைத்துக்கொண்டு உள்ளே வந்ததாம். அதைக் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லாதவர் இந்த ஊரில் இல்லை. துறைமுகத்துக்குத் தள்ளி டத்தோ கிராமாட்டில் இழுத்துப் போர்த்தித் தூங்கியவர்கூட நாலு புகைபோக்கி என்று எண்ணிச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன். பலகையில் முகம் புதைத்துக் கிடந்தவன் எதைப் பார்த்தேன்?

மிதவைக் கயிறு போனால் நீரோட்டம் எங்களைக் குண்டுக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய்விடும். வெட்டலாம். கத்தி இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை. நல்ல கயிற்றை வெட்டுகிறவன் படகுக்காரனே இல்லை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. கட்டினவன்தான் அவிழ்க்க வேண்டும்.

நானா எழுகிறார். படகின் முனைக்குப் போகிறார். குனிகிறார். ஒரு குண்டு தண்ணீரில் விழுந்து வெடிக்கிறது. தண்ணீர் எழும்பி விழுகிறது. முனையில் யாரும் இல்லை.

சின்னத்தம்பி அண்ணன் அப்போதுதான் கத்தியை எடுத்தார். வெட்டினார். படகு நகர்ந்தது. நானாவின் உடல் கிடைக்கவில்லை.

இதை வருஷா வருஷம் சொன்னேன். நானா இறந்த நாளில் ஓதும் வருஷ ஃபாத்திஹா. ஓதி முடியும். நெய்ச்சோறு உண்டு முடியும். நானாவின் மனைவி, எனக்கு மச்சி, கதவோரம் வந்து நிற்பார். சொல்லச் சொல்வார்கள். சொல்வேன். நானா கட்டினார், தான் கட்டியதை அவிழ்க்கப் போனார், மௌத்தானார். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இருபத்தொரு வருஷம் இப்படிப் போயிற்று.

1936 தைப்பூசம். தண்ணீர்மலை அடிவாரத்தில் சின்னத்தம்பி அண்ணனைப் பார்த்தேன். பல வருஷம் கழித்து. தேத்தண்ணி குடித்தோம். நானாவின் முடிச்சைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நானா கட்டல லா, தாவூது. மூணு சுத்து யாரு போடுவா? நீதான். அவரு ஒன்னத்தான் கூப்பிட்டாரு, அவுருடான்னு. நீ எந்திரிக்கல."

நானா இரண்டு சுற்றோடு விடுவார். நான் சந்தேகப் பிராணி. எனக்கு மூன்று. வெட்டிய பிறகும் முனைக்கட்டையில் அந்த முடிச்சு இருந்தது. கரைக்கு வந்ததும் பார்த்தேன். மூன்று சுற்று. பார்த்ததை எங்கே போட்டேன்?

ஞாபகம் என்பது பெட்டியில் பூட்டி வைத்த சாமான் என்று நினைத்திருந்தேன். இல்லை. அது வருஷா வருஷம் ஈயம் பூசும் பாத்திரம். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் ஒரு பூச்சு. இப்போது நானாவின் குரல் கேட்கிறது. அவுருடா. அன்று கேட்டதா, சின்னத்தம்பி அண்ணன் சொன்னதால் கேட்கிறதா, எனக்குத் தெரியவில்லை.

மச்சி வீட்டுக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். முடிச்சு என்னுடையது. கூப்பிட்டது என்னை. எழாதது நான். மச்சிக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முறத்தின் சத்தமும் நிற்கவில்லை.

"மொத வருஷம் நீங்க இப்பிடித்தான் சொன்னீங்க தம்பி," என்றார். "ரெண்டாம் வருஷம் மாத்திட்டீங்க. அந்த மொத வருஷம் முழுக்க நீங்க சரியா சாப்பிடல. ஒங்களையும் இழந்துரக் கூடாதுன்னு விட்டுட்டேன்."

அவர் புடைத்துக்கொண்டே இருந்தார்.

போனவற்றை எழுதி வைக்கிறேன். நானா காதர், வயது இருபத்தாறு. அடக்கம் செய்ய உடல் இல்லை. தொங்கான் ஒன்று, பின்னால் விறகாயிற்று. ருஷ்யக் கப்பல் ஒன்று. அதில் செத்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது, தண்ணீரில் அவர்கள் கத்தியது தெரியும். அதுவும் கேட்டதாகத்தான் நினைக்கிறேன். கடைசியாக, முதல் வருஷம் நான் சொன்ன சாட்சியம். அது மச்சியிடம் இருக்கிறது. என்னிடம் இல்லை.