மூழ்கடித்த படகு

எண்பதுகளின் தொடக்கம், நல்ல கோடை. மேட்டூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஒரு விவசாயி இருந்தார். மேச்சேரியில் ஏறிய, தனக்குத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"நம்ம பாய்மரப் படகைக் காத்தால முழுகடிச்சுட்டு வாரேனுங்க."

அணைத் தண்ணீரில் ஓடும் ஊர்ப் பொதுப் படகாம். ஆளாளுக்குக் கூலி வாங்காமல் பழுது பார்க்கிறார்கள். ஏறியவர் லாரி பாடி கட்டும் ஆசாரி.

"ஏனுங்க, எதுக்கு முழுகடிச்சீங்க?"

"கரையில கெடந்து பலகை காஞ்சு இடுக்கு உட்டுருச்சுங்களே. கல்லை ஏத்தித் தண்ணிக்குள்ள போட்டா, ரெண்டு நாள்ல ஊறித் தானா மூடிக்கும். வெள்ளிக்கிழமை பொண்ணூட்டுக்காரங்களை அக்கரையிலிருந்து கூட்டியாரோணுமில்லீங்க?"

ஆசாரி சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"இடுக்குல பூராம் நேத்து நான் தேக்கைச் சிம்பு சிம்பாச் சீவி வெச்சு இறுக்கி அடிச்சுட்டனுங்க. லாரிக்கு அடிக்கிற மாதிரியே."

"நீங்க மேல தார் பூசிட்டுப் போயிட்டீங்க. எனக்கெங்கீங்க தெரியும்?"

"ஊறுன பலகை உப்பறதுக்கு இனி எடமில்லீங்களே."

"இல்லீனா?"

"ஆணியைப் பிடுங்கிட்டு வெளிய வந்துருமுங்க."

இருவரும் ஒன்றாக எழுந்தார்கள். கண்டக்டர் வழியை மறித்தார்.

"சேலத்துக்கு டிக்கெட் வாங்கிட்டு நடுவழியில எங்கீங்க?"

"படகு தண்ணிக்குள்ள முழுகிக் கெடக்குதுங்க. அது ஒடையறதுக்குள்ள போவோணும்."

கண்டக்டர் விசிலை ஊதினார். பஸ் நின்றது.

"முழுகின படகு இனி ஒடைஞ்சா என்ன, ஒடையாட்டி என்னங்க?" என்று கேட்டார்.

அதற்குள் இருவரும் இறங்கி, எதிரே வந்த மேட்டூர் பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.