நசுங்காத திராட்சை

மூணாங் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டு, சொந்தமா நாலு லாரி வாங்கினவன் நான். எவர் பேச்சுக்கும் காது கொடுக்க மாட்டேன். ஆனா, தேனியிலிருந்து கம்பம் போற பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னதைக் கேட்டு, என் காதே நிமிர்ந்துவிட்டது.

"மதினி, ரோபோ ஓட்டுற டிரெயினிங்ல என் ரோபோ கை இன்னைக்கு ஒரு திராட்சையைக்கூட நசுக்கல!"

"அப்ப பரீட்சையில பாஸா?"

"கேளுங்க. சார் சொன்னபடி கொத்தோட நடுவுல பிடிக்க வச்சேன். ரெண்டு தடவையும் ஒரே ஜூஸு. மொத்தமே மூணு தடவைதான் விடுவாக, மிச்சம் ஒண்ணுதான்."

"அய்யய்யோ!"

"தோட்டத்துல நாம பிடிக்கிற மாதிரி காம்பைப் பிடிக்கட்டும்னு, ரிமோட்டுல ஒவ்வொரு இடமா நகத்திக் காட்டுனேன். அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கிட்டு, பூப்போலத் தூக்கிப் பெட்டியில வச்சிருச்சு!"

"சார் என்ன சொன்னாக?"

"பாஸுன்னாக. அப்புறம், 'இன்னொருக்கா செஞ்சு காட்டும்மா'ன்னு நோட்டை எடுத்துக்கிட்டு உக்காந்துட்டாக!"