ஆமைக்கும் சைவம்

“எங்கட ஆமையளும் முப்பத்தொண்டு முடியும்வரை சைவம்தான், அக்கா.”

முல்லைத்தீவிலிருந்து புளியங்குளம் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த பெண் சொன்னார். மடியில் ஒரு வாளி. உள்ளே கொஞ்சத் தண்ணீரில் தீப்பெட்டி அளவு ஆமைக்குஞ்சுகள் இரண்டு. அவருக்குப் பக்கத்தில் கொக்கிளாய்ப் பெண் ஒருவர், காலடியில் இறால் கூடையோடு.

“என்ன குடுக்கிறனியள்?” கொக்கிளாய்க்காரி கேட்டார்.

“சோறும் பருப்பும். அப்பா இருக்கேக்க மீன்குஞ்சு, மண்புழு, கீரை எண்டு மாத்தி மாத்திப் போடுவார். அவர் செத்து பத்தொன்பது நாள். முப்பத்தொராம் நாள் காரியம் முடியும்வரை செத்த வீட்டில மச்சம் கூடாதெல்லோ. இப்ப ரெண்டும் தலை நீட்டுதில்லை. மிருக வைத்தியரிட்டக் கொண்டு போறன்.”

கொக்கிளாய்க்காரி ஒன்றைத் தூக்கி ஓட்டை மெல்ல அழுத்திப் பார்த்தார்.

“ஓடு மெத்தெண்டு போச்சு, பிள்ளை. வளருற குஞ்சுக்கு முள்ளோட மீன் வேணும், இலை வேணும், வெயில் வேணும். வெறுஞ்சோத்தில ஓடு இறுகாது.”

“இன்னும் பன்ரெண்டு நாள்தானே அக்கா.”

“உங்களுக்குப் பன்ரெண்டு நாள். இதுகள் அவ்வளவு தாங்காது.”

பிறகு கொக்கிளாய்க்காரி கூடைக்குள் கைவிட்டு, சின்ன இறால் நாலைந்தை எடுத்து நீட்டினார்.

“வீட்டிலதானே மச்சம் கூடாது. இது பஸ்.”

அந்தப் பெண் கையை நீட்டவில்லை.

“அப்பா கோவிக்கமாட்டாரோ?”

“சோறு போட்டதுக்குத்தான் கோவிப்பார்.”

அவர் இறாலை வாங்கி வாளிக்குள் போட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாளியை வெயில் விழும் பக்கமாக நகர்த்தி வைத்தார்.