ஒற்றைப் பாதை உள்ள இடம்

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நாலு பேர் நிம்மதியாக உட்கார ஒரு நல்ல இடம் வேண்டுமென்றால், சங்கரன்கோவிலில் எங்கள் ஆபீசில் எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். மாணிக்கராஜ் பார்த்தால் சரியாக இருக்கும் என்பார்கள். வெயில் எந்தப் பக்கம் திரும்பும், குரங்குத் தொல்லை உண்டா, பெண்கள் கால் நனைக்கிற இடத்தில் பாசி வழுக்குமா, திரும்பி வர பஸ் இருக்குமா என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் சொல்வேன். நான் சொன்ன இடத்துக்குப் போய் முகம் சுளித்தவர்கள் கிடையாது.

ஐயா, நீங்கள் எங்கள் ஆபீஸ் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். முப்பிடாதி அன்று அந்த மலையடிவாரத்தில் யாருக்காகக் காத்திருந்தாள் என்று. அவள் அண்ணன் வெள்ளத்துரை தானாகவே வந்து சரணடைந்துவிட்டார். ஆனால் அந்த ஆள் யாரென்று அவருக்கே தெரியாது. எனக்காகத்தான் காத்திருந்தாள். இதைச் சொல்லலாமா என்று உங்கள் ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். இதைச் சொன்ன பிறகு கொஞ்சம் பரவாயில்லை. மீதியையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முப்பிடாதி எங்கள் ஆபீசில் டைப்பிஸ்ட். ஊர் திருவேங்கடத்துக்குப் பக்கம், கரிசல்காடு. மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் வெறும் வெடிப்பு. தண்ணீர் தானாக ஓடுவதைப் பார்த்ததே இல்லை என்பாள். மழை விட்ட மறுநாள் மாடி ஜன்னல் வழியாக மேற்கே மலை நீலமாகத் தெரியும். டைப் அடிக்கிறதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் பைல் கொண்டுபோகிற சாக்கில் பக்கத்தில் போய் நிற்பேன். அப்படித்தான் தொடங்கியது. என்னைக் கட்டிக்கிடுவியளா என்று அவள்தான் முதலில் கேட்டாள். எனக்கு யாரிடமும் முடியாது என்று சொல்ல வராது. சரி என்றேன்.

அவள் இந்து, நான் சர்ச்சுக்குப் போகிறவன். இரண்டு வீட்டிலும் நடக்காது என்று தெரியும். ஊரைவிட்டுப் போய்விடலாம் என்று சொன்னதும் அவள்தான்.

"கோயிலும் வேண்டாம், சர்ச்சும் வேண்டாம். ரெண்டுல எங்க நின்னாலும் ஒருத்தருக்கு மனசு உறுத்தும். மலை தெரியணும், தண்ணி ஓடணும், ஒரு மரத்து நெழல் இருக்கணும். அங்கன வச்சு ஒரு மஞ்சக் கயித்தக் கட்டுங்க, போதும். அப்படியே மதுரைக்கு பஸ் ஏறிருவம். எடம் மட்டும் நீங்க பாருங்க. நீங்க பாத்தா நல்லாருக்கும்" என்றாள்.

அதற்கும் சரி என்றேன். நியாயமான ஆசைதானே.

அதே சமயத்தில் என் அம்மா ஞானபாய் ஊரில் எனக்கு ஒரு பெண் பார்த்துவிட்டாள். டீச்சர், சுந்தரபாய் என்று பெயர். அம்மா கேட்டாள், அவளிடமும் சரி என்றேன். எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல ஆள் உண்டா என்று சபையைப் பார்த்துக் கேட்பார்கள். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. முப்பிடாதிக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாது. தெரிந்தால் அவள் பஸ் ஏறி வந்து சர்ச்சின் நடுவில் எழுந்து நிற்கக்கூடியவள். அந்தச் சுந்தரபாய்தான் இப்போது என் மனைவி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்.

என் பயம் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு விளங்க வேண்டும். அம்மாவுக்குப் பயம், சர்ச்சில் ஓலை வாசிக்கிற ஐயருக்குப் பயம், முப்பிடாதியின் கண்ணில் தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று பயம். எல்லாவற்றுக்கும் மேலே வெள்ளத்துரை. ஒரு நாள் அவள் மறந்துவிட்டு வந்த தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற ஒருவன் "முப்பிடாதி மாடில இருக்கு" என்று சாதாரணமாகப் பெயர் சொன்னான். வெள்ளத்துரை சட்டியைக் கீழே பத்திரமாக வைத்துவிட்டு அவனை அறைந்தார். அவன் காதிலிருந்து ரத்தம் வந்தது. பிறகு சட்டியை எடுத்துக்கொண்டு மேலே வந்து, "ஏட்டி, பசியோட இருந்திராத" என்று தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் சொன்னவனுக்கே இது என்றால் எனக்கு என்ன என்று நினைத்தேன். அன்று முழுவதும் என்னால் பேனா பிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலைவிட்டு உள்ளே தள்ளிப் போய்விடுவேன்.

இடம் பார்க்கத் தொடங்கினேன். குற்றாலம் வேண்டாம், எந்த மாதம் போனாலும் தெரிந்தவன் ஒருத்தன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பான். நம்ம ஊர்க் குளத்துக்கரைகளில் எருமை குளிப்பாட்ட ஆள் வந்துகொண்டே இருக்கும். புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்கள் அழகுதான். காவலுக்கு நாய் உண்டு. கடைசியில் வாசுதேவநல்லூருக்கு மேற்கே, குளத்தையும் வயலையும் தாண்டி, ஒரு மாந்தோப்புக்கு அப்பால் அந்த இடம் அமைந்தது. மலையிலிருந்து ஓடை இறங்கி ஒரு சின்னக் கசமாக, ஆழமான குட்டையாகத் தேங்கி, பிறகு வழிந்து போகும். கரையில் பெரிய மருதமரம். தை மாதத்தில் தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். எதிரே மலைச்சரிவில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு பாறை, அதை மறைத்துக்கொண்டு புதர்.

போவதற்கு ஒரே பாதைதான். பல பாதை இருந்தால் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவார்கள். மாந்தோப்பு வரைக்கும் ஜீப் போகும் என்பதும் எனக்குத் திருப்தியாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பியூன் மூக்காண்டியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆபீஸ் பிக்னிக்குக்கு இடம் பார்க்கிறேன் என்று அவனுக்கு எண்ணம். எங்கள் ஊர் சர்ச்சில் அந்நேரம் இரண்டாவது ஓலையை வாசித்துக்கொண்டிருப்பார்கள். அவனை மரத்தடியில் நிற்கச் சொல்லிவிட்டு நான் பாறைக்கு ஏறினேன்.

"எதுக்கு சார் அங்கன ஏறுதிய? நம்ம ஆபீஸ் பொம்பளையாளுக அதுல ஏறவா போறாக?" என்றான்.

"சும்மாதான். நான் இருக்கது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியல சார். பேசுதது மட்டும் கேக்கு. பேய் பேசுத மாரி இருக்கு, எறங்கி வாங்க சார், பயமாருக்கு."

நான் இறங்கி வந்தேன். இரண்டு பேரும் தயிர்சாதம் சாப்பிட்டோம். இந்த இடத்துக்கு வந்தால் மேனேஜர்கூடப் பாட்டுப் பாடுவார் என்று மூக்காண்டி சொன்னான். சிரித்தேன். இடம் முடிவாகிவிட்டதால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் முப்பிடாதியிடம் சொன்னேன். மருதமரம் என்றதும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். எந்த பஸ், எங்கே இறங்குவது, மாந்தோப்பை எந்தக் கை பக்கம் விட்டு நடப்பது என்று எல்லாம் விளக்கினேன். நீ முன்னால் போய் இரு, சேர்ந்து போனால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும், நான் பின்னாலேயே வருகிறேன் என்றேன். அவளும் அது சரி என்றாள். "சீக்கிரம் வந்திருவியல்லா? தனியா நிக்கப் பயமாருக்கும்" என்று மட்டும் கேட்டாள். வந்துவிடுவேன் என்றேன். அது பொய் இல்லை, அவளுக்கு முன்னாலேயே நான் போய்விட்டேன்.

அவள் அங்கே போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வெள்ளத்துரையைப் பார்த்தேன். பார்த்தேன் என்ன, அவர் வருவார் என்று தெரிந்துதான் போய் நின்றேன். இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். அவரே என்னைக் கண்டுகொண்டு, "என்ன வே, தங்கச்சி ஆபீஸ்தான நீரு?" என்றார்.

"அண்ணாச்சி, ஒரு விசயம். தப்பா எடுத்துக்கிடாதிய. ஒங்க தங்கச்சி நாளைக்கி யாரையோ நம்பிப் போகப்போகுதுன்னு ஆபீஸ்ல காதுல விழுந்துச்சு."

டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"யாரு அவன்?"

"அது தெரியாது அண்ணாச்சி. எடம் தெரியும்."

சத்தம் போடுவார், அடிப்பார் என்று பயந்து ஓரமாக நின்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது. "எங்கூடப் பொறந்தது அது ஒண்ணுதான் வே. நீரு நல்லாருக்கணும்" என்றார். அவரும் பயந்துபோய்விட்டார் என்று தெரிந்ததும் எனக்கு அதுவரை இல்லாத பயம் வந்தது. அடிக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்ல நினைத்தேன். பிறர் குடும்ப விஷயத்தில் அதற்கு மேல் தலையிடுவது மரியாதை இல்லை. ஜீப் மாந்தோப்பு வரைக்கும் போகும் என்று மட்டும் சொன்னேன். எனக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனார். தகவல் சொன்னவன் பெயரை அவர் இதுவரை உங்களிடம் சொல்லவில்லையே. ஒரு நல்ல மனுஷனை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார்.

நான் நினைத்தது இவ்வளவுதான். அண்ணன் வருவார், இரண்டு அடி போட்டு வீட்டுக்கு இழுத்துப் போவார், அவள் கொஞ்ச நாள் அழுவாள், அவசரமாக யாருக்காவது கட்டிக்கொடுப்பார்கள். நான் அவளிடம் முடியாது என்று சொல்ல வேண்டிய அவசியம் வராது. அவள் மனசும் என்னால் நோகாது.

அன்று பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஒற்றைப் பையோடு தனியாக அந்தப் பாதையில் நடந்து வந்தாள். முதலில் கசத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கட்டைவிரலை மட்டும் தண்ணீரில் வைத்து எடுத்தாள். தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். மரத்தடியில் சருகைக் கையாலேயே ஒதுக்கி, இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு இடத்தைச் சுத்தம் செய்தாள். பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்; இரண்டு மாலை. வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து வேரின்மேல் வைத்தாள். இடம் அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படியே இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அப்போது ஜீப் சத்தம் கேட்டது.

வெள்ளத்துரையும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். அந்த இரண்டு பேரை எனக்குத் தெரியாது. அவள் ஓடவில்லை. ஓட வேறு வழியும் இல்லை. "யாருட்டி அவன்? பேரச் சொல்லு, ஒன்ன விட்டிருதேன். அவன் பேர மட்டும் சொல்லு" என்று கேட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. அடித்தார், கேட்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே கேட்டார். நான் புதருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் என் பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று ஒவ்வொரு தடவையும் உயிர் போய் வந்தது. பேன்ட் நனைந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

பிறகு அவளைக் கசத்தருகே இழுத்துப் போனார். தலையைத் தண்ணீரில் அமுக்கி, தூக்கி, பெயரைக் கேட்டார். மறுபடி அமுக்கினார். தூக்கும்போதெல்லாம் அவள் அண்ணனைப் பார்க்கவில்லை, மாந்தோப்பிலிருந்து வருகிற பாதையைத்தான் பார்த்தாள். நான் அதன் வழியாக வந்துகொண்டிருப்பேன் என்று நினைத்திருக்கிறாள். கடைசியாகத் தூக்கியபோது அந்தப் பக்கம் பார்த்து இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"வராதிய. இங்கன வந்திராதிய. அப்படியே போயிருங்க."

அதற்குப் பிறகு வெள்ளத்துரை அவளைத் தூக்கவில்லை.

நான் எழுந்து என் பெயரைச் சொல்லியிருந்தால் அவளை விட்டிருப்பாரா என்றுதானே இப்போது கேட்கப் போகிறீர்கள். விட்டிருப்பார். அவருக்கு வேண்டியது அந்தப் பெயர்தான். நான் எழுந்திருக்கத்தான் இருந்தேன் ஐயா. ஆனால் வராதே என்று அவளே சொல்லிவிட்டாள். அவள் சொல்லி நான் எதையும் மறுத்தது கிடையாது.