பெரியம்மாவின் பிரேக்கை மாற்றியது நான்

என் பெயரும் வீட்டு முகவரியும் முதல் தாளில் பதிவாகியுள்ளபடி. வயது நாற்பத்தொன்பது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். இன்று காலை ரொட்டி வேன் பின்னாலிருந்து வந்து மோதிய பழைய கார் என் மாமனார் வாங்கியது, அவருக்குப் பின் என் கணவர் ஓட்டி வருவது. எங்கள் வீட்டில் அந்தக் காரைப் பெரியம்மா என்று சொல்வோம். என் கணவர் எனக்கு முன்பாகவே இந்தக் காவல் நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்து, அதில் காரின் முன்சக்கர பிரேக்கைத் தானே மாற்றியதாகச் சொல்லியிருக்கிறார். அது உண்மையல்ல. மாற்றியது நான். அதைச் சொல்வதற்காகவே யாரும் கூப்பிடாமல், அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

மேற்படி காரில் முன்பு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருந்தது. இறக்கத்தில் நாலு முறை மிதித்தால் டிரம் சூடேறிப் பிடி தளர்ந்துவிடும். மழையில் நனைந்தால் ஒரு சக்கரம் மட்டும் பிடித்து வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஆகையால் என் கணவர் பிரேக்கை மிதிப்பவர் அல்ல, சீட்டிலிருந்து எழும்பி அதன் மேல் ஏறி நிற்பவர். பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து என் காலடி விரிப்பு ஓட்டையாகிவிட்டது. சென்ற ஆண்டு ஓர் இறக்கத்தில் வண்டி நிற்காமல் போய் மரக்கடைச் சுவரில் முட்டி நின்ற பிறகு, முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடுவதென்று முடிவு செய்தேன். என் கணவர், "இந்த வயசுல பெரியம்மாவுக்கு எதுக்கு புதுக் கால்?" என்றார். "ஓடுறதுக்கு இல்லீங்க, நிக்கிறதுக்கு" என்றேன்.

அதன் பிறகு பழைய வண்டி உடைக்கும் கடையில் எங்கள் காரின் எடைக்குச் சமமான ஒரு வண்டியிலிருந்து இரண்டு டிஸ்க்குகளும், அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர்கள் இரண்டும் வாங்கினேன். அவை எங்கள் காரின் அச்சில் நேராக உட்காராது என்பதால், நடுவில் வரவேண்டிய இரும்புத் தகட்டை முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு லேத் பட்டறையில் கொடுத்து கனமான தகட்டில் செய்து வாங்கினேன். லேத்காரர் என் அட்டையைப் பார்த்து, "சட்டைக்கு வெட்டினதாம்மா?" என்று கேட்டார். தகடு பொருந்திய பிறகு அவரே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். சக்கரம் காலிப்பரில் உரசுமா என்று அறிய, பிசைந்த மாவை உருட்டி நடுவில் ஒட்டி, சக்கரத்தை மாட்டிச் சுற்றிப் பார்த்துக் கழற்றினேன். மாவு நசுங்கியிருந்தது, ஆனால் அறுபடவில்லை. இடைவெளி போதும் என்று தெரிந்துகொண்டேன். அன்று இரவு அந்த மாவு வீணானது பற்றி வீட்டில் பேச்சு வந்தது.

புதிய பிரேக் ஆயிலை ஊற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றும்போது என் கணவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதித்தார், நான் கீழே படுத்து, காலிப்பரில் காற்றை வெளியே விடும் சிறு திருகான நிப்பிளைத் திறந்து மூடினேன். எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சு மூட்டை மாதிரியே அமுங்கியது. அந்த வாரம் அவர் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் ஆயில் பாட்டிலைக் கவிழ்த்து வைத்ததில் குமிழ் மேலே ஏறுவதைப் பார்த்தேன். உடனே விளங்கிவிட்டது. இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தேன். அதனால் காற்று போகவேண்டிய நிப்பிள் கீழே இருந்தது. காற்று மேலே உட்கார்ந்திருக்க, நான் கீழே கதவைத் திறந்து வைத்து அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் இடம் மாற்றி, பக்கத்து வீட்டு அக்காவை மிதிக்கச் சொல்லிக் காற்றை எடுத்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். என் கணவர் திரும்பி வந்து மிதித்துப் பார்த்துவிட்டு, தான் முன்பு மிதித்த மிதியில்தான் காற்று போனது என்று தெருவெல்லாம் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று காலை அவர் என்னை வேலையில் இறக்கிவிடக் காரை ஓட்டிச் சென்றார். கடைத்தெருவில் கண்ணாடிக் கடை ஆட்கள் இருவர் ஓர் ஆள் உயரக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு திடீரென்று குறுக்கே வந்தார்கள். கண்ணாடியில் எங்கள் காரே எங்களை நோக்கி வருவது தெரிந்தது. தொட்டால் போதும் என்று நான் எத்தனையோ முறை சொல்லியும், என் கணவர் பழக்க தோஷத்தில் எழும்பி ஏறி நின்றார். பெரியம்மா ஓர் அங்குலம்கூட இழுக்காமல் நேராக நின்றாள். கண்ணாடிக்கும் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. அதன் பிறகு பின்னால் ஒட்டி வந்த ரொட்டி வேன் எங்கள் மீது மோதியது. மோதிய வேகத்தில் கார் அரைச் சாண் முன்னே போனது. மீதி அரைச் சாண் கண்ணாடியைக் காப்பாற்றியது.

வேன் ஓட்டுநர், இந்தப் பழைய கார் இப்படி நிற்கவே நிற்காது, யாரோ கண்டபடி மாற்றிவிட்டார்கள் என்று புகார் கொடுத்திருக்கிறார். முதல் பாதியைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன். பின்விளக்கு எரியவில்லை என்று அவர் சொன்னதற்கு, உடையாமல் மிஞ்சிய விளக்கு நிலைய வாசலில் எரிய வைத்துக் காட்டப்பட்டது.

மோதல் நடந்ததும் என் கணவர், "நீ பஸ்ல போ, நான் பாத்துக்கறேன்" என்றார். பிறகு போனில், "நான்தான் மாத்துனேன்னு எழுதிக் குடுத்துட்டேன், நீ வாயைத் திறக்காத" என்றார். அனுமதி இல்லாமல் மாற்றிய வழக்கு என் மேல் வரக்கூடாது என்றுதான் சொன்னார். அது தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஆனாலும் என் வேலையை இன்னொருவர் கணக்கில் எழுத நான் விடமாட்டேன், அது தாலி கட்டியவராகவே இருந்தாலும்.

ஆகவே எங்கள் இருவரிடமும் தனித்தனியே ஒரே கேள்வி கேட்கும்படி துணை ஆய்வாளர் அம்மாவை வேண்டினேன். காற்று எடுக்கும் நிப்பிள் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. என் கணவர், "கீழதாம்மா, அவ படுத்துக்கிட்டுத்தான் திறப்பா" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் மேலே என்றேன். வாசலில் சக்கரத்தைத் திருப்பி டார்ச் அடித்துப் பார்த்ததில் மேலே இருந்தது. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து தகடு வரைக்கும் என் மகளின் சிவப்பு நகப்பூச்சால் நான் இழுத்திருந்த கோடுகளும் காணப்பட்டன. போல்ட் இம்மி தளர்ந்தாலும் கோடு முறியும். இவ்வளவு மோதலுக்குப் பிறகும் ஒரு கோடும் முறியவில்லை. துணை ஆய்வாளர் அம்மா என் கணவரின் விரல்களைப் பார்த்துவிட்டு, "உங்க நகப்பூச்சுதானா சார்?" என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

என் பெயரில் எழுதினால் வழக்கு என் மேல்தான் வரும் என்று எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது. வரட்டும். எந்த வாகன ஆய்வாளர் வேண்டுமானாலும் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கட்டும், நான் பக்கத்தில் நின்று பதில் சொல்கிறேன். அதுவரை காரை நகர்த்தும் காவலர் யாராக இருந்தாலும் பிரேக்கை மிதிக்க வேண்டாம், தொட்டால் போதும் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. 'கணவரின் உதவியோடு செய்தேன்' என்று இருந்த இடத்தை அடித்து, 'கணவர் பெடலை மிதித்தார்' என்று திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)

திருத்தத்தை ஒப்புக்கொள்கிறேன்.
(கணவர் ஒப்பம்)