மூத்தவளின் வெள்ளித் தகடு

பகல் பன்னிரண்டு மணி... ஆம், பகல்தான். நெருங்கி உட்காருங்கள், கதவருகே யாரும் வேண்டாம். தாணே நகருக்கு வெளியே, பழைய சிவன் கோயில் குளத்துக்குச் செல்லும் சாலை. ஆளில்லை. நிழலில்லை. என் தோழி வைஜயந்தியின் அம்மாவுக்குத் தங்கை மந்தாகினி தனியே நடந்துகொண்டிருந்தாள்.

அவள் கழுத்தில் கருகமணித் தாலியோடு ஒரு வெள்ளித் தகடு. அதில் ஒரு பெண்ணுருவம். கணவன் யஷ்வந்தின் இறந்துபோன முதல் மனைவி, குசும். இரண்டாம் தாரமாக வருபவள் மூத்தவளை இப்படிச் சுமக்க வேண்டும். புதுப் புடவையைக்கூட முதலில் அவளுக்கே காட்ட வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கம். மந்தாகினி மூன்றாண்டுகள் சுமந்தாள். அந்த மூன்றாண்டுகளில் யஷ்வந்த் அவளை ஒருமுறையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வாய் தவறி வந்த பெயரும்... குசும்.

திங்கட்கிழமைதோறும் அவன் இக்குளத்துக்கு வந்து, குசும் அமர்ந்த படியில் நெடுநேரம் அமர்ந்திருப்பான். அந்தப் படியைப் பார்க்கத்தான் அவள் வந்தாள்.

படித்துறையில் ஒரு பூக்காரி.

"யஷ்வந்த் வீட்டம்மாவா? வா தாயி. குசும் இருந்தாளே, பேரம்னா என்னன்னே தெரியாது அவளுக்கு. நீ எப்படியோ!"

"அவ எந்தப் படியில உக்காருவா?"

"கீழேருந்து மூணாவது. அங்க மட்டும் பாசியே பிடிக்காது, பாரேன்."

உண்மை. மற்றப் படிகள் வழுக்கின. அது மட்டும் யாரோ சற்றுமுன் துடைத்து வைத்தாற்போல்...  மந்தாகினி தகட்டின் கயிற்றை அறுத்தாள்.

"இங்கியே கெட, சக்களத்தி! என் வீட்டை விட்டுடு!"

"ஐயோ, அதைக் கழட்டக் கூடாதுடி!" பூக்காரி அலறினாள். "கழுத்துல இருக்கற வரைக்கும்தான் அவ கட்டுப்பட்டு இருப்பா!"

தகடு நீரில் விழுந்தது. சத்தம்... கேட்கவில்லை. ஓர் அலையும் எழவில்லை. ஈர மஞ்சளின் மணம் மட்டும் படியேறி வந்தது.

திரும்பும் வழியெல்லாம் பின்னால் சளக்... சளக்... அவள் நின்றால் அதுவும் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் யஷ்வந்த் ஊஞ்சலில் அமர்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தான். முகத்தில் அவள் கண்டிராத சிரிப்பு.

"மந்தா!" என்றான்.

அவள் நெஞ்சு நிறைந்தது. "என்னங்க?" என்று எதிரே போய் நின்றாள். அவன் பார்வை அவள்மேல் தங்கவில்லை. அவளை ஊடுருவி அடுப்படிக்குப் போயிற்று.

"மந்தா... இன்னும் கொஞ்சம் டீ குடுடி."

அடுப்படியிலிருந்து அதே ஈர மஞ்சளின் மணம் வந்தது; வளையல்கள் குலுங்கின. மந்தாகினியின் குரலே அங்கிருந்து பதில் சொன்னது:

"இதோ வர்றேங்க..."